எச்-1பி நீட்டிப்பில் குடும்பத்தின் எச்-4 என்ன ஆகிறது: முழுமையான வழிகாட்டி

"உங்கள் எச்-1பி நீட்டிப்பு அப்ரூவ் ஆகிவிட்டது" என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்ததும் பல வீடுகளில் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. எச்-1பி என்பது அமெரிக்காவில் வேலை பார்ப்பவரின் விசா, எச்-4 அவருடைய குடும்பத்துக்கானது. கம்பெனி போட்ட ஐ-129 என்ற எச்-1பி மனு வேலை பார்ப்பவருக்கு மட்டும். எச்-4 விசாவில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ குழந்தைகளுக்கோ ஐ-539 என்று தனிப் படிவம் போட வேண்டும், அதை யாராவது போட்டார்களா என்பது நீங்கள் கேட்டால்தான் தெரியும். எச்-1பி முடிந்தால் எச்-4ம் கூடவே முடியும். ஆனால் எச்-1பி நீண்டால் எச்-4 தானாக நீளாது. இந்த ஒருவழிக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

படி 1: ஆளுக்கு ஒரு ஐ-94, ஆளுக்கு ஒரு தேதி

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, நாட்டுக்குள் நுழைவதற்கு மட்டும். உள்ளே வந்த பிறகு எந்தத் தேதிவரை இருக்கலாம் என்பதை ஐ-94 என்ற நுழைவுப் பதிவுதான் சொல்கிறது. அமெரிக்காவுக்குள் இருக்கும்போது விசா ஸ்டாம்ப் காலாவதியானால் பரவாயில்லை, ஐ-94 காலாவதியாகக் கூடாது. அதனால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் ஐ-94ஐயும் தனித்தனியாகத் தேடி எடுங்கள். கடைசியாக வந்து இறங்கியபோது கிடைத்தது சிபிபியின் (நுழையும்போது சோதிக்கும் அமெரிக்க எல்லைத் துறை) ஐ-94 இணையதளத்தில் இருக்கும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் வந்துவிடும். இங்கே இருந்தபடியே நீட்டிப்பு வாங்கியவர்களுக்கு ஐ-797ஏ என்ற அப்ரூவல் தாளின் அடிப்பகுதியில், கிழித்தெடுக்கும்படி அச்சிட்ட துண்டில் புது ஐ-94 இருக்கும். இதை அந்த இணையதளத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டும் இருந்தால் எது செல்லும்? எது கடைசியாக நடந்ததோ அது. அப்ரூவலுக்குப் பிறகு வெளிநாடு போய்வந்திருந்தால் விமான நிலையத்தில் கொடுத்தது செல்லும், எங்கும் போகாமல் இருந்தால் தாளில் இருப்பது செல்லும்.

ஒரே குடும்பம், ஒரே விமானத்தில் வந்தோம், எல்லாருக்கும் ஒரே தேதிதான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். உதாரணத்துக்கு, ஊருக்குப் போய்விட்டு வந்து இறங்கும் ஒரு குடும்பத்தில் அப்பாவின் எச்-1பி 2028 செப்டம்பர்வரை இருக்கிறது. அம்மாவுக்கும் அதே தேதி போடுகிறார்கள். ஆறு வயது மகளுக்கு மட்டும் 2027 பிப்ரவரி. ஏன் என்றால் அவளுடைய பாஸ்போர்ட் அந்த மாதம் முடிகிறது. இந்தியப் பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து வருடம், குழந்தைகளுக்கு ஐந்தே வருடம். எச்-1பி மூன்று மூன்று வருடமாக நகரும்போது குழந்தையின் பாஸ்போர்ட் நடுவில் எங்காவது முட்டிக்கொள்ளும், அதிகாரியும் பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் ஐ-94 கொடுக்க மாட்டார். பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளும் என்று நம்பி இருப்பவர்கள் நிறைய. நீளாது. புதுப் பாஸ்போர்ட் வந்த பிறகு அந்தக் குழந்தைக்கு மட்டும் தனியாக ஐ-539 போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தேதிக்குள் ஒருமுறை வெளியே போய்விட்டு வந்து புது ஐ-94 வாங்க வேண்டும். அப்பாவின் எச்-1பி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டால், பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருக்கும் பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஸ்டேட்டஸ் இல்லாமல் இருக்கும்.

இந்தத் தேதிகளை ஓரிடத்தில் எழுதி வையுங்கள்: ஆள், ஐ-94 தேதி, பாஸ்போர்ட் முடியும் தேதி. ஈஏடி (வேலை அனுமதி) கார்டு இருந்தால் அதன் தேதியும். இதில் எது முதலில் வருகிறதோ அதிலிருந்துதான் மொத்த வேலையையும் திட்டமிட வேண்டும்.

படி 2: ஆறு மாதம் முன்பே கம்பெனியிடம் கேளுங்கள்

எச்-1பி நீட்டிப்பு மனுவை இப்போதைய காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே போடலாம். அந்த ஆறு மாதம் திறக்கும் நாளில் போடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது, காரணம் பின்னால் சொல்கிறேன். பல கம்பெனிகள் கடைசி இரண்டு மாதத்தில்தான் அசையும், ஏனென்றால் அவர்களுக்கு அவசரமில்லை: காலம் முடிவதற்குள் மனு போய்ச் சேர்ந்துவிட்டால் வேலை பார்ப்பவர் முடிவு வராமலே 240 நாள்வரை தொடர்ந்து வேலை செய்யலாம். ஈஏடியில் வேலை பார்க்கும் எச்-4 துணைக்கு அந்தச் சலுகை கிடையாது.

எச்ஆரிடமும் அட்டர்னியிடமும் எழுத்தில் கேட்க வேண்டியது: குடும்பத்தின் ஐ-539ஐ நீங்களே சேர்த்துப் போடுவீர்களா? அதற்கான கட்டணம் யார் பொறுப்பு? ஈஏடிக்கான ஐ-765ம் அதே பார்சலில் போகுமா? குடும்பத்துக்கான செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று சட்டம் இல்லை, சில கம்பெனி கொடுக்கும், பல கம்பெனி கொடுக்காது. போனில் "எல்லாம் பார்த்துக்கறோம்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், 'எல்லாம்' என்பதில் உங்கள் மகன் இருக்கிறானா என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கம்பெனி மாறும்போது ஒரு பயம் வரும்: பழைய கம்பெனியின் பேரில் வாங்கிய எச்-4 போய்விடுமா? போகாது. வேலை பார்ப்பவர் இடைவெளி இல்லாமல் எச்-1பியில் தொடரும்வரை குடும்பத்தின் எச்-4, அவரவர் ஐ-94 தேதிவரை செல்லும். ஆனால் புதுக் கம்பெனி போடும் மனுவில் எச்-1பி மேலும் மூன்று வருடம் நீளும், குடும்பத்தின் தேதி பழையதிலேயே நிற்கும். டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் நடப்பதால் இதுவும் ஒரு நீட்டிப்பு என்பது பலருக்கு உறைப்பதே இல்லை.

படி 3: ஐ-539 போடுவது

குடும்பத்தில் ஒருவர் ஐ-539 போட வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஐ-539ஏ. ஒரே கட்டணம்தான், எத்தனை பேர் இருந்தாலும். 2024 ஏப்ரல் 1 முதல் தாளில் போட்டால் 470 டாலர், ஆன்லைனில் 420 டாலர். ஐ-129 கூடவே அனுப்புவதாக இருந்தால் தாள்தான். கட்டணமும் படிவத்தின் பதிப்புத் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும், அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் (இந்த மனுக்களைப் பார்க்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் ஒருமுறை பாருங்கள். பழைய பதிப்பில் போட்டால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது திரும்பி வருவதற்குள் ஐ-94 தேதி தாண்டிவிடலாம்.

பணம் கட்டும் முறையும் மாறியிருக்கிறது. 2025 அக்டோபர் 28க்குப் பிறகு செக், மணி ஆர்டர் வாங்குவதில்லை. கிரெடிட் கார்டுக்கு ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க ஜி-1650. ஐ-539, ஐ-765 இரண்டும் போடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் தனித்தனிப் பணம், தனித்தனிப் படிவம்.

கூட வைக்க வேண்டியவை: ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் பக்கங்கள், ஐ-94, பழைய ஐ-797, திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், வேலை பார்ப்பவரின் ஐ-129 நகல் அல்லது ரசீது, சமீபத்திய பே ஸ்டப்கள். இந்தக் கடைசியை லேசாக நினைக்காதீர்கள், எச்-1பிகாரர் ஒழுங்காக வேலையில் இருக்கிறார் என்பதற்கு அதுதான் சாட்சி. சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரண்டு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்ட தாளும் வேண்டும்.

நம் ஆட்களுக்கே உரிய இன்னொரு தொல்லை பெயர். திருமணச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. அதிகாரி கேள்வி கேட்டு அனுப்பும்வரை காத்திருக்காமல், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று ஒரு பக்கக் கடிதமும் அதற்கு ஆதாரமும் முதலிலேயே வைத்துவிடுங்கள்.

கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும். பதினான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பெற்றோர் போடலாம், பெரிய பிள்ளைகள் அவர்களே போட வேண்டும். அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு இது எதுவும் வேண்டாம், அது அமெரிக்கக் குடிமகன்.

ஐ-539 அந்தந்த ஆளின் ஐ-94 முடிவதற்குள் யுஎஸ்சிஐஎஸ் கையில் இருக்க வேண்டும், தபாலில் போட்ட தேதி கணக்கில் வராது. குறைந்தது 45 நாள் முன்பே போடச் சொல்கிறார்கள். நான் சொல்வது, ஐ-129 போகும் அதே நாளில், அதே பார்சலில்.

படி 4: பிரீமியம் பிராசஸிங் பற்றித் தெளிவாக இருங்கள்

ஐ-129க்கு பிரீமியம் (சீக்கிரம் பதில் வாங்கக் கட்டும் கூடுதல் கட்டணம்) கட்டினால் 15 வேலை நாளில் பதில் வரும். எச்-4 நீட்டிப்புக்கான ஐ-539க்கு பிரீமியம் கிடையாது, காசு கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். 2023 ஜனவரியில் ஒரு வழக்கின் சமரசத்தில், ஐ-129 கூடச் சேர்த்துப் போட்ட எச்-4, ஈஏடி விண்ணப்பங்களையும் சேர்த்தே பார்க்க யுஎஸ்சிஐஎஸ் ஒப்புக்கொண்டது. அதனால் இரண்டு வருடம் கணவருக்குப் பிரீமியம் கட்டினால் மனைவியின் தாளும் கூடவே வந்தது. அந்த ஒப்பந்தம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. இப்போதும் சேர்த்துப் போட்டால் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு, ஆனால் வராவிட்டால் கேட்க முடியாது. "போன தடவை பதினைந்து நாளில் வந்ததே" என்ற நம்பிக்கையில் இந்தத் தடவை திட்டம் போடாதீர்கள்.

படி 5: ஈஏடியில் வேலை பார்ப்பவர் வீட்டில் இருந்தால்

இந்த இடத்தில்தான் உண்மையான பண நஷ்டம் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2015 மே 26 முதல், எச்-1பிகாரருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகியிருந்தாலோ, கிரீன் கார்டு வேலை நடந்துகொண்டிருப்பதால் வழக்கமான ஆறு வருட வரம்புக்கு மேல் எச்-1பி நீட்டிப்பு கிடைத்திருந்தாலோ, எச்-4 துணை ஐ-765 போட்டு வேலை அனுமதி வாங்கலாம். விண்ணப்பப் பிரிவு சி-26. தாளில் போட்டால் 520 டாலர். அந்தக் கார்டின் தேதி எச்-4 தேதியைத் தாண்டாது. அதாவது எச்-1பி, எச்-4, ஈஏடி மூன்றும் பெரும்பாலும் ஒரே நாளில் முடியும், மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும்: ஐ-129 முடிவானால்தான் ஐ-539, ஐ-539 முடிவானால்தான் ஐ-765.

முன்பு, எச்-4 காலம் கையில் இருந்து, ஈஏடி புதுப்பித்தலை நேரத்துக்குள் போட்டிருந்தால், பழைய கார்டு 540 நாள்வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ போட்ட விண்ணப்பங்களுக்கு அது இல்லை. கார்டில் அச்சிட்ட தேதி முடிந்ததும், புதுக் கார்டு வரும்வரை வேலையை நிறுத்த வேண்டும். மறுநாள் காலை லேப்டாப் திறந்து ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்தாலும் அது அனுமதியில்லாத வேலை. சம்பளமில்லா விடுப்பு தரும் கம்பெனி என்றால் வேலை தப்பும், தராத இடத்தில் வேலையே போய்விடும்.

அதனால்தான் ஆறு மாதம் முன்பு, முதல் நாளே என்று சொன்னேன். ஐ-765ஐயும் 180 நாள் முன்பே போடலாம், எச்-1பி நீட்டிப்பும் அதே நேரத்தில்தான் திறக்கிறது. கம்பெனி இரண்டு மாதம் தள்ளினால் உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது என்று அட்டர்னிக்கு நேராகவே எழுதுங்கள். துணை வேலை பார்க்கும் கம்பெனிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் சொல்வதைவிட விடுப்பு கேட்பதற்கு அது எவ்வளவோ மேல்.

படி 6: பதில் வரும்வரை

ஐ-94 முடிவதற்குள் ஐ-539 போய்ச் சேர்ந்திருந்தால், தேதி தாண்டிய பிறகும் முடிவு வரும்வரை குடும்பம் இங்கேயே இருக்கலாம், அந்த நாட்கள் சட்டவிரோதத் தங்கலாகச் சேராது. ரசீதான ஐ-797சியை எல்லாரும் கையில் வைத்திருங்கள். டிரைவிங் லைசென்ஸ்தான் இடிக்கும். பல மாநிலங்களில் லைசென்ஸ் தேதியை ஐ-94 தேதியோடு கட்டியிருக்கிறார்கள், ரசீதை வைத்து நீட்டிப்பார்களா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் ஆள் நீங்கள் என்றால் இதை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறினால் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம், ஆளுக்கு ஒன்று. பிள்ளைக்குப் பதினான்கு வயது ஆனால் முப்பது நாளுக்குள் அரசிடம் மறுபதிவு செய்ய வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து இதைக் கறாராகக் கேட்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பின் நடுவில் எச்-1பிகாரருக்கு வேலை போய்விட்டால் குடும்பத்துக்கும் அதே அடிதான். 60 நாள் அவகாசம் என்று சொல்வது, 60 நாள் அல்லது ஐ-94 தேதி, எது முதலில் வருகிறதோ அது, குடும்பத்துக்கும் அப்படியே. ஐ-94 ஏற்கெனவே முடிந்து ஐ-539 மட்டும் நிலுவையில் இருக்கும் நிலை மிகவும் மெலிதானது, கம்பெனி மனுவைத் திரும்பப் பெற்றால் ஐ-539ம் நிராகரிக்கப்படும். அன்றே அட்டர்னியைக் கூப்பிட வேண்டிய விஷயம் இது.

படி 7: பயணம்

ஐ-539 வேண்டாம் என்று வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு. எச்-1பி நீட்டிப்பு அப்ரூவ் ஆனதும், பாஸ்போர்ட்டில் எச்-4 ஸ்டாம்ப் இன்னும் உயிரோடு இருந்தால், புது ஐ-797 நகலோடு வெளிநாடு போய்விட்டு வந்தால் நுழையும்போதே புதுத் தேதிவரை ஐ-94 கிடைக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகத்தான் போகிறோம் என்பவர்களுக்கு நல்ல வழி. ஸ்டாம்ப் முடிந்திருந்தால் தூதரகத்துக்குப் போக வேண்டும், அங்கே இப்போது நிலைமை கடினம்: 2025 செப்டம்பர் 2 முதல் எச்-4 உட்படப் பெரும்பாலோருக்கு, சிறு குழந்தைகளுக்கும்கூட, நேர்காணல் உண்டு, டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அந்த மாற்றத்தின்போது இந்தியாவில் ஏற்கெனவே வாங்கிய அப்பாயின்ட்மென்ட்கள் பல மாதம் தள்ளிப்போய், ஊருக்குப் போன குடும்பங்கள் அங்கேயே மாட்டிக்கொண்டன. ஸ்டாம்ப் இல்லாமல், தேதி உறுதியாகாமல் கிளம்பாதீர்கள்.

வந்து இறங்கும்போது கவுன்டரில் விழிப்பாக இருங்கள். ஸ்டாம்பில் பழைய மனுவின் தேதி அச்சாகியிருக்கும், அதிகாரி அதைப் பார்த்து ஐ-94 போட்டுவிட்டால், கையில் 2028வரை அப்ரூவல் இருந்தும் உங்கள் தேதி 2026இல் நின்றுவிடும், ஏனென்றால் கடைசியாக நடந்தது அதுதான். புது ஐ-797ஐப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே நீட்டுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே இணையதளத்தில் எல்லாருடைய ஐ-94ஐயும் இறக்கிப் பாருங்கள். தவறு இருந்தால் அருகிலுள்ள சிபிபியின் டிஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்திக் கொடுப்பார்கள். பாஸ்போர்ட் காலாவதியால் குறைத்துப் போட்டது தவறு என்ற கணக்கில் வராது, அதற்கு முன்பு சொன்ன வழிதான்.

படி 8: அப்ரூவல் தாள் வந்ததும்

ஒவ்வொரு தாளிலும் பெயர், பிறந்த தேதி, முடியும் தேதி பாருங்கள். ஐ-797ஏ என்றால் அடியில் ஐ-94 இருக்கும். எச்-1பிகாரருக்கு ஐ-797பி வந்திருந்தால் மனு அப்ரூவ் ஆகியிருக்கிறது, ஆனால் இங்கே தங்கும் காலம் நீளவில்லை, அவர் வெளியே போய்விட்டுத்தான் வர வேண்டும். குடும்பத்தின் ஐ-539 அப்போது என்ன ஆகும் என்பதை அட்டர்னியிடம் உடனே கேளுங்கள்.

இருபத்தொன்று நெருங்கும் பிள்ளைகள்

எச்-4 இருபத்தொன்றாவது பிறந்தநாளோடு முடிந்துவிடும். ஐ-539 அப்ரூவல் அந்த நாளைத் தாண்டி வராது. கல்லூரியில் இருந்தால் எஃப்-1 மாணவர் ஸ்டேட்டஸுக்கு மாற்ற விண்ணப்பிப்பது வழக்கம், பிறந்தநாளுக்குப் பல மாதம் முன்பே தொடங்க வேண்டும். கிரீன் கார்டுக்கு வயதைக் கணக்கிட சிஎஸ்பிஏ என்ற தனிச் சட்டம் இருக்கிறது, அது சாதகமாக வந்தாலும் எச்-4ஐ ஒரு நாள்கூட நீட்டாது. பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போதே இந்தப் பேச்சை வீட்டில் எடுத்துவிடுங்கள்.

தேதி ஏற்கெனவே தாண்டியிருந்தால்

முதலில் எத்தனை நாள் தாண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள், எண்ணிக்கைதான் வழியைத் தீர்மானிக்கும். சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டிய பிறகு வெளியே போனால் மூன்று வருடத் தடை, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் பத்து வருடத் தடை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த நாட்கள் சேராது, ஆனால் ஸ்டேட்டஸ் போனது போனதுதான். 180 நாளுக்குள் என்றால் வெளியே போய் முறைப்படி திரும்பி வருவது ஒரு வழி; ஐ-94 தாண்டித் தங்கியதால் பழைய ஸ்டாம்ப் செல்லாது, ஊரில் புது விசா எடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி, தாமதத்துக்குக் காரணம் காட்டி இங்கிருந்தே ஐ-539 போடுவது. தாமதம் உங்கள் கையை மீறிய, அசாதாரணமான சூழ்நிலையால் வந்தது, தாமதம் அதற்கு ஏற்ற அளவில்தான் இருக்கிறது, வேறு விதத்தில் ஸ்டேட்டஸை மீறவில்லை என்று காட்டினால் மன்னிக்க யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அதிகாரம் உண்டு. மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஈஏடியில் வேலை பார்ப்பவர் அன்றோடு நிறுத்த வேண்டும். பதற்றத்தில் டிக்கெட் போடுவதற்கு முன், கம்பெனியின் அட்டர்னி அல்லாத வேறொரு குடியேற்ற அட்டர்னியிடம் காசு கொடுத்து ஒரு மணி நேரம் பேசுங்கள், ஏனென்றால் கம்பெனி அட்டர்னியின் கட்சிக்காரர் கம்பெனியும்தான். குடும்பத்தையும் சேர்த்துப் போடுவதாக யாராவது எழுதிய மெயில் இருந்தால் அழிக்காதீர்கள், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில் அதுவே முக்கியமான ஆதாரமாகலாம்.